பிறேக் பெடலை நெருப்பில் வளைத்துத் தந்த கராச்: மொறிஸ் மைனர் வைத்திருப்போர் கவனத்திற்கு

என் தந்தையார் விட்டுச் சென்ற 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு கராச்சில் ஒப்படைத்து ஏழு மாதம் காத்திருந்தேன். கராச்சின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும், இதே வகைக் கார் வைத்திருப்போருக்காகப் பதிவு செய்கிறேன்.

இந்தக் காரில் பெடல்கள் மேலிருந்து தொங்குவதில்லை. தரைத் தகட்டிலுள்ள துளைகளின் வழியே கீழிருந்து மேலே வருகின்றன. பெடலை மிதிக்கும்போது பிறேக் எண்ணெயை அழுத்திச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரும் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழேயே இருக்கிறது. ஆகவே தரைத் தகடு துருப்பிடித்து மாற்றப்படும்போது, புதிய தகட்டின் துளைகள் பெடல்களுக்கு நேராக அமையாவிட்டால் பெடல் உரசும். என் காரில் நடந்ததும் அதுதான். துளையைச் சற்று அகலமாக வெட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக, பிறேக் பெடலின் தண்டைக் காஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, கிளச் பக்கமாக வளைத்து விட்டார்கள். அகன்ற செருப்புடன் மிதித்தால் இரண்டு பெடலும் ஒன்றாக இறங்கும் அளவுக்கு அவை நெருங்கிவிட்டன.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. சக்கரங்களிலுள்ள பிறேக் கட்டைகளைச் சரியாக இறுக்காததால் பெடல் பாதிவரை வெறுமையாக இறங்கியிருக்கிறது. அதை மறைப்பதற்காக, சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கோலை வெட்டி, இடையில் துண்டு வைத்து ஒட்டி நீளமாக்கியிருந்தார்கள். காரை எடுக்கப் போன அன்று கால் வைத்ததும் பிறேக் பிடித்தது. "இனிப் பத்து வருசத்துக்குப் பாக்கத் தேவையில்லை, ஐயா" என்றார் மெக்கானிக். நானும் மகிழ்ந்து 185,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். அந்த மகிழ்ச்சியே என் அறியாமை.

பெடலை விட்டதும் பிஸ்டன் முழுவதுமாகப் பின்னே வந்தால்தான் சிலிண்டருக்குள் இருக்கும் சிறு துவாரம் திறந்து, சூட்டில் விரிந்த பிறேக் எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப முடியும். அதற்காகத்தான் கோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே, மெக்கானிக்குகள் பிளே என்று சொல்லும் சிறு தளர்வு விடப்படுகிறது. அது இல்லாவிட்டால் துவாரம் மூடியே கிடக்கும். எண்ணெய் சூடாகி விரியும், கட்டைகள் தாமாகவே இறுகும், இறுகியதால் சூடு இன்னும் ஏறும்.

மறுநாள் பருத்தித்துறைக்குப் புறப்பட்டோம். நீர்வேலி தாண்டியபோதே கார் மூட்டை சுமப்பதுபோல் இழுபட்டது. வல்லை வெளியில், இருபுறமும் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், நான்கு சக்கரங்களும் இறுகி, கார் நின்றுவிட்டது. கருகிய மணம் வந்தது; முன் சக்கரத்தின் அருகே கைகொண்டுபோக முடியவில்லை. அவ்வழியே வந்த உழவு இயந்திரம் திருத்தும் ஒருவர், பின் சக்கரமொன்றில், பிறேக் எண்ணெயில் கலந்த காற்றை வெளியேற்ற உள்ள நிப்பிள் என்ற சிறு திருகைச் சற்றே தளர்த்தினார். எண்ணெய் பீறியடித்தது, கார் அசைந்தது. நான்கு சக்கரத்திற்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால் ஓரிடத்தில் திறந்ததே போதுமாயிற்று. பின்னால் லொறி வந்துகொண்டிருக்கும்போது இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவி இன்றும் கேட்கிறார்.

பின்னர் வேறொருவர் பெடலைக் கழற்றியபோது, புதிதாகப் போட்டதாகப் பற்றுச்சீட்டில் எழுதியிருந்த, பெடலின் அச்சைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற வளையம், கிறீஸ் பூசிய பழைய புஷ்தான் என்பதும் தெரிந்தது. பாகம் கிடைக்கவில்லை என்பதே கராச்சின் பதில். மொறிஸ் மைனருக்கு அந்தச் சாக்கு செல்லாது: இங்கிலாந்தில் இன்றும் இதன் உதிரிப்பாகங்கள் புதிதாக விற்கப்படுகின்றன.

இத்தகைய வேலைக்குக் காரைக் கொடுப்போர், கொடுக்கும் முன்பே இரு பெடல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது பிறேக் பெடலைக் காலால் அல்ல, கையால் அழுத்திப் பாருங்கள்: பிஸ்டனைத் தொடும் முன் சிறிது தூரம் இலகுவாக அசைய வேண்டும். பிறகு பத்துக் கிலோமீற்றர் ஓட்டி, பிறேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உடைத்து விற்கப்பட்ட இன்னொரு மைனரிலிருந்து வாங்கிய பெடல் இப்போது என் காரில் இருக்கிறது. கராச் இதுவரை ஒரு ரூபாவும் திருப்பித் தரவில்லை. வளைந்த பெடலையும் ஒட்டுப்போட்ட கோலையும் பற்றுச்சீட்டுடன் கட்டி வைத்திருக்கிறேன், முறைப்பாடு கொடுப்பதற்காக.