எட்டு சீசன் ஒரே ஃபேன்டஸி பேஸ்பால் ஆப்: ஓட்டானி ஒருவரா, இருவரா?

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, உங்க லீக்ல ஒரு இடம் காலியா இருக்குன்னு சொன்னாங்க. எந்த ஆப்ல ஆடுறீங்க? நல்லா இருக்குமா?" மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் பதில் சொன்னேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சீசன் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கலாம்.

ஃபேன்டஸி பேஸ்பால் என்றால், அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஆடும் உண்மையான வீரர்களை ஏலத்தில் எடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி வைப்பது; அவர்கள் மைதானத்தில் செய்வது நம் கணக்கில் ஏறும். 2018 மார்ச்சில் பத்துப் பேர் சேர்ந்து இந்த லீக்கை ஆரம்பித்தோம். எல்லோரும் அப்போது கலிஃபோர்னியாவில், அனஹைம் பக்கம் குடியிருந்தவர்கள். ஆளுக்கு 260 டாலர் கற்பனைப் பணம், 23 வீரர்கள், பேட்டிங்கில் ஐந்து கணக்கு, பிட்சிங்கில் (பந்துவீச்சில்) ஐந்து கணக்கு. ஆடுபவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஏலம் நடத்துவோம். அதற்கு முந்தைய ஒரு மாதம் யாருக்கு எத்தனை டாலர் தகும், யாரை விட்டுவிடலாம் என்ற சண்டைதான் எனக்கு வருடத்திலேயே பிடித்த காலம். சீசனைவிடவும் பிடிக்கும்.

ஆப்பைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்தில் ஏல அறை ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. பத்துப் பேரும் ஒரே நொடியில் விலை ஏற்றினாலும் யாருடையது முதலில் வந்தது என்று சரியாகக் காட்டும். ஆட்டம் ஆரம்பிக்கும் நிமிடம் வரை ஆளை மாற்றலாம். காயச் செய்தி டிவியில் வருவதற்கு முன்னாலேயே போனில் வந்து விழுந்த நாட்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 2018-லிருந்து ஒவ்வொரு ஏலமும், ஒவ்வொரு பரிமாற்றமும், அப்போது நாங்கள் பேசிக்கொண்டதும் அப்படியே பத்திரமாக இருக்கிறது. இப்போது வேறு மாநிலத்துக்குப் போய்விட்ட ஒரு நண்பரின் பழைய கிண்டல்களை இன்றைக்கும் எடுத்துப் படிக்கிறேன். பணம் கட்டும் சேவையும் உண்டு. ஒரு வருடம் எடுத்தேன், தேவைப்படவில்லை.

இத்தனை நல்ல ஆப்பில் ஒரே ஒரு குறை. பேட்டும் பிடித்துப் பந்தும் வீசும் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஓட்டானியை எட்டு வருடமாக அது இரண்டு ஆளாக வைத்திருக்கிறது. 'ஓட்டானி (பேட்டர்)' ஒருவர், 'ஓட்டானி (பிட்சர்)' இன்னொருவர். ஏலத்தில் இருவரும் தனித்தனியாக வருவார்கள். ஒருவரை நீங்களும் மற்றவரை உங்கள் எதிரியும் எடுக்கலாம்.

2018-ல் இது பெரிதாகத் தோன்றவில்லை. ஏஞ்சல்ஸ் அணிக்காக அவர் மேஜர் லீக்குக்கு வந்த முதல் வருடம் அது. அந்த வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் அவருடைய பேட்டிங் சராசரி .125, பிட்சிங்கில் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) 27.00. இரண்டுமே படுமோசம். கீழ்நிலையான மைனர் லீக்குக்கு அனுப்ப வேண்டும் என்று பெரிய பெரிய ஆட்களே பேசினார்கள். எங்கள் ஏலத்திலும் இரண்டு ஓட்டானிகளும் கடைசி வரை கிடந்தார்கள். ஏப்ரல் வந்ததும் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். 8-ஆம் தேதி ஓக்லண்டுக்கு எதிராக ஏழாவது இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸில் ஏறவிடவில்லை, 12 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). வசந்தகால எண்களை நம்பி ஆளை மதிப்பிடக் கூடாது என்று அன்றைக்கு எங்கள் பத்துப் பேருக்கும் புரிந்தது.

என் கோபம் ஆரம்பித்தது 2021-ல். அதற்கு முந்தைய வருடம் அவர் பந்து வீசியது இரண்டே ஆட்டம். மொத்தம் இரண்டு இன்னிங்ஸ்கூட முழுதாக வரவில்லை. பேட்டிங் சராசரி .190. அதனால் மார்ச் ஏலத்தில் பிட்சர் ஓட்டானி எனக்கு 1 டாலருக்குக் கிடைத்தார். பேட்டர் ஓட்டானியை என் மச்சினன் 9 டாலருக்கு எடுத்திருந்தான். ஏப்ரல் 4, ஞாயிறு இரவு. ஏஞ்சல் ஸ்டேடியத்தில் வைட் சாக்ஸுடன் ஆட்டம். தான் பந்து வீசும் ஆட்டத்திலேயே பேட்டும் பிடிக்க அவர் மேஜர் லீக்கில் இறங்கிய முதல் நாள் அது. முதல் இன்னிங்ஸில் மணிக்கு 100 மைல் வேகத்தில் வீசினார். அதே இன்னிங்ஸில் பேட்டோடு வந்து, தனக்கு வந்த முதல் பந்தையே 451 அடி தூரத்துக்கு அடித்தார். வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். எனக்குக் கை நடுங்கியது. போனைப் பார்த்தால் அந்த ஹோம் ரன் என் மச்சினன் கணக்கில் ஏறியிருக்கிறது.

"அத்தான், இது என் ஆளு, அது உங்க ஆளு" என்றான்.

ஆனால் அந்த ஹோம் ரன்னை அவர் அடித்தது தன் பந்துவீச்சுக்கு ஒரு ரன் முன்னிலை தேடித்தானே? ஐந்தாவது இன்னிங்ஸில் ஹோம் பிளேட்டில் ஓட்டக்காரர் மோதிக் கீழே விழுந்து வெளியேறினார். தொடக்க பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் முடித்தால்தான் அவர் பேரில் வெற்றி எழுதப்படும்; அது முடியவில்லை, ஆகவே வெற்றிக் கணக்கும் எனக்கு இல்லை. விழுந்த உடம்பு ஒன்றுதான். வலி என் அணிக்கும் மச்சினன் அணிக்கும் தனித்தனியாகவா இருக்கும்?

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். 2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் கில்லை ஸ்டம்பிங்கில் வெளியேற்றிய பந்தை வீசிய ஜடேஜா ஒருவர் அணியில், கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்த ஜடேஜா வேறொருவர் அணியில் என்று பிரித்தால் சிஎஸ்கே ரசிகர் யாராவது ஒத்துக்கொள்வாரா? ஆல்ரவுண்டர் என்ற சொல்லுக்கே அங்கே பொருள் போய்விடுகிறது.

ஆப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டானி ஒரே ஆளாக இருந்து இரண்டு கணக்கும் சேர்ந்தால், அவரை வாங்கியவருக்கு ஒரே இடத்தில் இரண்டு நட்சத்திரங்கள் கிடைத்துவிடும். 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 34 ஹோம் ரன், 15 வெற்றி, 219 ஸ்ட்ரைக்அவுட். பத்துப் பேர் லீக்கில் அது மற்ற ஒன்பது பேருக்கும் அநியாயம்தான். இன்னொரு வழி, சில தளங்களில் இருப்பது: ஆள் ஒருவர், ஆனால் அவர் பந்து வீசும் நாளில் பிட்சரா பேட்டரா என்று நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றது எண்ணப்படாது. அதோடு ஒப்பிட்டால் எங்கள் ஆப்பில் அவர் செய்த எதுவும் கணக்கில் தொலைவதில்லை. இதை நான் பல வருடம் ஒத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் ஒரு வீரரின் மதிப்பு அவர் அடித்த எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அணியில் எத்தனை இடத்தை அவர் அடைக்கிறார் என்பதிலும் இருக்கிறது. மேஜர் லீக் அணியில் 26 இடம். அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. இருவழி ஆட்டக்காரர் என்று பதிவானவர் அந்த 13-ல் சேர மாட்டார். அதாவது ஓட்டானி இருக்கும் அணிக்கு ஒரு பிட்சர் கூடுதல். 2022-ல் இன்னொரு விதியும் வந்தது: தொடக்க பிட்சர் மவுண்டை (பந்து வீசும் மேட்டை) விட்டு இறங்கினாலும் டிஎச் (பிட்சருக்குப் பதில் பேட் மட்டும் பிடிப்பவர்) ஆகத் தொடர்ந்து பேட் பிடிக்கலாம். நூற்றாண்டு கடந்த மேஜர் லீக்கே ஒரு மனிதருக்காகத் தன் விதியை மாற்றிக்கொண்டது. இந்த ஆப் மாறவில்லை. லீக் அமைப்புகளில் 'ஒருவராக வை, இருவராக வை' என்று ஒரு பொத்தான் போதும், விருப்பப்பட்டவர் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். இரண்டு தடவையும் ஒரே பதில், எழுத்து மாறாமல்: உங்கள் கருத்துக்கு நன்றி.

அப்புறம் 2024. முந்தைய வருடம் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்ததால் புதிய அணியான டாட்ஜர்ஸில் முதல் வருடம் அவர் பேட் மட்டும்தான் பிடித்தார். 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு (பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). செப்டம்பர் 19 அன்று மயாமியில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன், இரண்டு பேஸ் திருட்டு. ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 திருட்டு என்ற கோட்டை முதன்முதலாகத் தாண்டிய மனிதர். அந்த வருடம் நான் பிட்சர் ஓட்டானியை அடுத்த சீசனுக்காகக் கையில் வைத்திருந்தேன். காயம்பட்டவர்களுக்கென்று தனி இடம் உண்டு, அங்கே வைத்தால் பெஞ்சில் ஒரு இடம் மிச்சம். ஆப் விடவில்லை. காரணம், அதிகாரப்பூர்வக் காயப் பட்டியலில் ஓட்டானி இல்லை, அவர்தான் தினமும் ஆடிக்கொண்டிருக்கிறாரே!

ஆக, ஏலம் என்றால் இரண்டு பேர். காயம் என்றால் மட்டும் ஒரே ஆள். ஆறு மாதம் பந்தே வீசாத ஒருவருக்கு என் பெஞ்சில் இடம் கொடுத்தேன். பிரிப்பதென்றால் முழுக்கப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் பிரிக்கவே கூடாது. எட்டு வருடத்தில் இதைப்போல் எதுவும் என்னை எரிச்சல்படுத்தவில்லை.

இந்த வருட விவாதத்திலும் அதே முள். பேட்டர் ஓட்டானி டிஎச் மட்டும் என்பதால் அவரை 'யூட்டில்' என்ற பொது பேட்டர் இடத்தில்தான் வைக்க முடியும். எங்கள் லீக்கில் அது ஒன்றே ஒன்று. பிலடெல்பியாவின் கைல் ஷ்வார்பரும் அங்கேதான் உட்கார வேண்டும். 2025-ல் ஓட்டானி 55, ஷ்வார்பர் 56 ஹோம் ரன். இருவரையும் ஒரே அணியில் ஆட வைக்க வழியில்லை. பிட்சர் ஓட்டானிக்கு என்ன விலை என்பது இன்னும் கடினம். 2025 ஜூன் 16-ல் மவுண்டுக்குத் திரும்பியபோது ஒரு இன்னிங்ஸில் ஆரம்பித்து மெதுவாகத்தான் ஏற்றினார்கள்; சீசன் முழுக்க 47 இன்னிங்ஸ், 62 ஸ்ட்ரைக்அவுட். வீசும்போது அபாரம், ஆனால் குறைந்த இன்னிங்ஸில் வெற்றிக் கணக்கு வராது. எங்கள் லீக்கில் அட்டவணை போட்டே பேசும் ஓர் அண்ணன் 12 டாலருக்கு மேல் கூடாது என்றார். என் மச்சினன் 20 என்றான். நான் இருவரிடமும் சொன்னது ஒன்றுதான்: நீங்கள் விலை பேசும் அந்த ஆள் மைதானத்தில் கிடையாது.

2025 அக்டோபர் 17 ராத்திரி டாட்ஜர் ஸ்டேடியத்தில் இறங்கியவரைத்தான் எனக்குத் தெரியும். மில்வாக்கிக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் மூன்று பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்துவிட்டு, கையோடு பேட் எடுத்து வந்து ஹோம் ரன். அதற்கப்புறம் இன்னும் இரண்டு. ஆறு இன்னிங்ஸுக்கு மேல் வீசியும் ரன் இல்லை, பத்து ஸ்ட்ரைக்அவுட். சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் ஆட்டங்கள் எங்கள் லீக் கணக்கில் வராது. அன்றைக்கு யாரும் போனைப் பார்க்கவில்லை. எட்டு வருடத்தில் முதல் தடவையாக நானும் மச்சினனும் ஒரே ஓட்டானிக்காகக் கத்தினோம்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? ஆப்புக்குப் பத்துக்கு எட்டரை தருவேன். ஏல அறைக்கும் பழைய பதிவுகளுக்கும் மட்டுமே ஐந்து போகும். புதிதாக லீக் ஆரம்பிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நாங்கள் விலகுகிறோம். அந்த விலைச் சண்டைக்குப் பிறகு ஆறுக்கு நான்கு என்று ஓட்டு விழுந்தது. பழைய பதிவுகளையெல்லாம் போன சனிக்கிழமை தரவிறக்கிவிட்டேன். புதிய இடத்தில் ஓட்டானி ஒரே ஆள். அவர் பந்து வீசும் நாளில் ஒரு பாதிக் கணக்கு போய்விடும், எண்ணிக்கையில் அது நஷ்டம் என்று அட்டவணை அண்ணன் கணக்குப் போட்டே காட்டினார். அவர் கணக்கில் தப்பில்லை. இருந்தாலும் நான் கை தூக்கியது மாறுவதற்குத்தான்.

வருகிற ஞாயிறு ஏலம், எங்கள் வீட்டில். "அத்தான், ஒரே ஓட்டானின்னா எவ்வளவு வரைக்கும் போவீங்க?" என்று மச்சினன் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.