54×3 பார், சிஓபி, டிம்மர் பேக்: சின்ன மேடைக்கு எது தேறும்?

பள்ளி ஆண்டு விழா, அரங்கேற்றம், 150 பேர் உட்காரும் கூடத்தில் ஒரு நவீன நாடகம். மேடை 20 அடி அகலம், 15 அடி ஆழம். விளக்குகளுக்குக் கையில் 30,000 ரூபாய். இந்தக் கணக்கோடு சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்கினால் எட்டு ‘54 பார்’ (வண்ண எல்ஈடி மேடை விளக்கு), ஒரு புகை மெஷின், விளக்குகளை ஆட்டிவைக்கும் டிஎம்எக்ஸ் பெட்டி ஒன்று என்று மூட்டை கட்டித் தருவார்கள். கல்யாண ரிசப்ஷனுக்கு அது தாராளம். நாடகத்துக்கும் நாட்டியத்துக்கும் அதையே மாட்டினால் மேடை முழுக்க நிறம் இருக்கும், ஆடுபவர் முகம் இருக்காது.

முதலில் அந்த 54×3 பாரையே பார்ப்போம். 2,000 ரூபாயை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது என்பதுதான் அதன் பெரிய பலம். உள்ளே 54 எல்ஈடி, ஒவ்வொன்றும் 3 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கும். பெருக்கினால் 162 வாட். ஆனால் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை நடுவில் வைத்து எல்லா நிறத்தையும் முழுசாக ஏற்றினால், மீட்டர் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். முழு மின்னோட்டம் கொடுத்தால் அந்த மெல்லிய உடம்பு சூடு தாங்காது. அதனால் செய்பவரே குறைத்து ஓட்டுகிறார். ஆகவே பெட்டியில் உள்ள வாட்டைப் பார்த்து இரண்டு லைட்டை ஒப்பிடுவது வீண் வேலை.

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. 54-இல் வெள்ளை எல்ஈடி கொஞ்சம்தான். சிலவற்றில் ஆறே ஆறு. மீதி சிவப்பு, பச்சை, நீலம். மூன்றையும் கலந்தால் சுவரில் வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் அந்த வெள்ளையில் இடைப்பட்ட நிறங்கள் ஏறக்குறைய இல்லை. மாநிறத் தோல் அதில் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும், பட்டுப்புடவையின் சாயம் கடையில் பார்த்த சாயமாக இருக்காது. வெறும் நீலத்தில் நெற்றிக் குங்குமம் கருப்புப் பொட்டாகிவிடும். கூத்துக்குச் சிவப்பு அரிதாரம் பூசிய முகம் நீலத்தில் நின்றால் கரி பூசியது போலத்தான். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: மூன்று நிறத்தையும் ஏற்றி, சுவருக்கு ஒரு அடி முன்னால் உள்ளங்கையை நீட்டுங்கள். ஒரே நிழல் விழாது. விரல் ஓரமெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிந்து நிற்கும். முகத்தில் மூக்கு நிழலும் அப்படித்தான் பிரியும்.

அப்புறம் அணைக்கும் விதம். சாதாரண 8 பிட் டிஎம்எக்ஸில் வெளிச்சத்துக்கு 0 முதல் 255 வரை 256 படிகள்தான். மேல் பகுதியில் படிக்குப் படி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கடைசிப் பத்துப் படிகளில் ஃபேடரை (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் தள்ளு பொத்தானை) மெதுவாக இறக்கிப் பாருங்கள்: தட்டித் தட்டி இறங்கி, முடிவில் பட்டென்று அணையும். அமைதியான கடைசிக் காட்சியை அந்த ஒரு ‘பட்’ கெடுத்துவிடும். மெனுவில் டிம்மர் கர்வ், டிலே மாதிரி இந்த இறக்கத்தை மென்மையாக்கும் அமைப்பு ஏதாவது இருந்தால் அந்த மாடலுக்கு முன்னூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். கூடவே, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது அரங்கேற்ற வீடியோவிலும் ஓடும். விசிறிச் சத்தத்தைக் கடைக்கு உள்ளே போய்க் கேட்க வேண்டும். தெரு இரைச்சலில் எல்லா விசிறியும் ஊமைதான்.

இவ்வளவு சொன்னாலும் 54 பார் தேவை. பின்திரை முழுக்க நிறத்தால் நிரப்ப, பின்னாலிருந்து தோளிலும் தலைமுடியிலும் நிறம் கொடுக்க இந்த விலைக்கு வேறு எதுவும் இல்லை. நான்கு போதும்.

பாதிப் பணம் போக வேண்டிய இடம் 100 வாட் சிஓபி பார், வார்ம் வைட். இதில் ஒரே பெரிய எல்ஈடி சில்லு. நிழல் ஒன்றுதான், மஞ்சள் கலந்த வெள்ளை, தோல் தோலாகத் தெரியும். வண்ண வெப்பம் 3,200 கெல்வினை ஒட்டி, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். கூல் வைட்டைத் தலையில் கட்டினால் மேடை பல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். வார்ம், கூல் இரண்டும் சேர்ந்த மாடலில் ஒரு சிக்கல்: வார்ம் மட்டும் ஏற்றினால் சிலவற்றில் பாதி வெளிச்சம்தான் வரும்.

வெளிச்சம் எத்தனை டிகிரி விரியும் என்பதைக் கேட்காமல் எடுக்காதீர்கள். 15 அடி தூரத்தில் 25 டிகிரி லைட் ஆறரை அடி வட்டம் போடும். 60 டிகிரி ஏறக்குறைய 17 அடி. நான்கே லைட்டில் 20 அடி மேடையை மூட வேண்டுமென்றால் 25 டிகிரியில் வட்டத்துக்கு வட்டம் இருட்டு இருக்கும், நடிகர் நடந்தால் முகம் மின்னி மின்னி அணையும். 60 டிகிரியை எடுத்து, வெளிச்சத்தை ஓரங்களில் மறைக்கும் நான்கு மடல் உள்ள பார்ன் டோரோடு வாங்குங்கள். இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் முன்வரிசைத் தலைகளிலும் பின்திரையிலும் விழும். இடமிருந்து இரண்டு, வலமிருந்து இரண்டு, 12 அடி உயரம், முகத்துக்கு 45 டிகிரி சாய்வு. நான்கும் சேர்ந்து 400 வாட், அதாவது 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும்.

விளக்குக்குப் போகும் மின்சாரத்தையே குறைத்து மங்கச் செய்யும் பெட்டியான டிம்மர் பேக் வாங்கலாமா என்றால், புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டாம். மேலே சொன்ன லைட்டுகளுக்குள்ளேயே டிம்மர் இருக்கிறது. அவற்றின் மின் இணைப்பை டிம்மர் பேக் வழியாகக் கொடுத்தால் துடிக்கும், சில நாளில் உள்ளே இருக்கும் பவர் சப்ளை போய்விடும். புகை மெஷின், டேபிள் ஃபேன் கதையும் அதேதான். கூடத்தில் ஏற்கெனவே ஹாலஜன் பல்பு போட்ட பழைய பார் 64 விளக்கு தொங்குகிறது என்றால் மட்டும் டிம்மருக்குச் செலவு செய்யலாம். அப்படி இருந்தால் அவற்றைக் கழற்றி எறியவும் வேண்டாம். மங்க மங்க ஹாலஜன் தேன் நிறத்துக்குப் போவது போல மலிவு எல்ஈடி எதுவும் போகாது.

ஆனால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு சேனல் (தனித்தனியே மங்கும் நான்கு இணைப்பு) உள்ள பேக்கில் ‘சேனலுக்கு 5 ஆம்பியர்’ என்று எழுதியிருக்கும். 1,000 வாட் விளக்கு எடுப்பது 4.35 ஆம்பியர், சேனலுக்கு ஒன்று சரி. நான்கும் ஒன்றாக ஏறினால் 17.4 ஆம்பியர், பேக்கின் வயரோ 16 ஆம்பியர் பிளக்கில் இருக்கும். பிளக் முதலில் மஞ்சளாகும், அப்புறம் உருகும். மூன்று சேனலோடு நிறுத்துங்கள், அல்லது 500 வாட் விளக்குக்கு மாறுங்கள். விளக்கு பியூஸ் போகும் நொடியில் பாயும் மின்னோட்டம் உள்ளே மின்சாரத்தை வெட்டிக் குறைக்கும் டிரையாக் என்ற பாகத்தையும் கொன்றுவிடும். கொன்றதன் அடையாளம், அந்தச் சேனல் அணையவே அணையாது. 16, 25 ஆம்பியர் டிரையாக் மலிவுதான், இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் சால்டரிங் தெரிந்த யாரும் மாற்றித் தருவார். மூடியைத் திறந்து பாருங்கள்: சேனலுக்கு ஒரு கம்பிச்சுருள் சோக் இல்லையென்றால் விளக்கு இழை பாடும், ஸ்பீக்கரில் ‘ர்ர்ர்’ என்று இரைச்சல் ஏறும். சோக் இருந்தாலும் லைட்டை ஒரு ஃபேஸிலும் சவுண்டை வேறு ஃபேஸிலும் கொடுப்பதே நல்லது.

காசு மிச்சம் என்று ஃபேன் ரெகுலேட்டரில் 500 வாட் ஹாலஜனைக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நூறு வாட்டை ஒட்டிய ஃபேனுக்குச் செய்த பொருள். முதல் பாதி முடிவதற்குள் புகையும்.

கன்ட்ரோலருக்கு ‘டிஎம்எக்ஸ் 192’ பெட்டி. 12 லைட்டுக்குத் தலா 16 சேனல், எட்டு ஃபேடர், 240 காட்சி பதியலாம். டிஜேவுக்காகச் செய்தது, எல்லா லைட்டையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் மாஸ்டர் ஃபேடர் கிடையாது. ஆன் செய்தவுடன் எல்லா லைட்டும் அணைந்த பிளாக் அவுட் நிலையில்தான் எழுந்திருக்கும். லைட் வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகும் முன் அந்தப் பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள். நாடகத்துக்கு இதை வளைக்க ஒரு வழி உண்டு: இரண்டு சேனல் மோடில் நான்கு சிஓபிக்கும் அட்ரஸ் (அந்த லைட்டின் முதல் சேனல் எண்) 1, 3, 5, 7 கொடுங்கள். முதல் சேனல் டிம்மர், இரண்டாவது ஸ்ட்ரோப் (படபடவென்று மின்னுவது) என்று இருக்கும் மாடலில், ஒற்றைப்படை ஃபேடர் நான்கும் உங்கள் நான்கு முக விளக்குகள். இரட்டைப்படையைத் தொடவே வேண்டாம், மேலே செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். 54 பார்களில் இடப்பக்கத்து இரண்டுக்கும் அட்ரஸ் 17, வலப்பக்கத்து இரண்டுக்கும் 33. லேப்டாப் இருந்தால் கியூஎல்சி பிளஸ் இலவச மென்பொருள் இதைவிட நூறு மடங்கு மேல். ஆனால் லேப்டாப்பை லைட்டோடு இணைக்கும் மிக மலிவான யுஎஸ்பி டாங்கிளில் சிக்னலின் நேரக் கணக்கைக் கணினியே பார்க்கிறது. கணினி திணறினால் லைட்டும் திணறும்.

கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் முனை பொருந்தும், குறைந்த தூரத்தில் ஓடவும் செய்யும். நீளம் கூடினால் கடைசி லைட் தானாக ஆடத் தொடங்கும். டிஎம்எக்ஸுக்கு 110, 120 ஓம் கேபிள். நிரந்தரமாகச் சுவரில் அடிப்பதென்றால் நெட்வொர்க் கேபிளே போதும். ஒரு லைட்டிலிருந்து அடுத்ததற்குக் கேபிள் போகும் சங்கிலியின் கடைசி லைட்டில், ஆண் எக்ஸ்எல்ஆர் ஒன்றின் 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்துச் செருகுங்கள். சில ரூபாய் செலவு. ‘லைட் பழுது’ என்று வருவதில் நிறைய இதிலேயே தீர்ந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒரு முனையை பிளக்கின் பெரிய எர்த் பின்னிலும், மறு முனையை லைட் உடம்பின் ஒரு ஸ்க்ரூவிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். மலிவு பார்களில் எர்த் வயரைப் பெயிண்ட் அடித்த தகரத்தின் மேலேயே முடுக்கியிருப்பார்கள். மீட்டர் எதையும் காட்டாது. திறந்து, அந்த இடத்துப் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கினால் சரியாகும். தொங்கவிடும் ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் தவிர ஒரு பாதுகாப்புக் கம்பிக்கயிறு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், கடைக்காரர் தானாகத் தரமாட்டார்.