போர்ட்ஃபோலியோ பெர்ஃபோமன்ஸா, க்னூகாஷா? திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

போர்ட்ஃபோலியோ பெர்ஃபோமன்ஸ், க்னூகாஷ் இரண்டும் பங்குகளையும் முதலீடுகளையும் நம் கணினியிலேயே ஒரு கோப்பில் பதிந்து கணக்குப் பார்க்கும் மென்பொருள்கள். எது நல்லது என்று பார்ப்போம். திருகோணமலை சின்ன ஊர். நம்மிடம் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பது எங்கோ ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குத் தெரிவதைவிட, லப்டொப் திருத்தக் கொடுத்த கடையில் தெரிந்துவிடுமோ என்பதுதான் இங்கே பலருக்குப் பயம். அதனால் "தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது" என்ற வாக்குறுதி மட்டும் எனக்குப் போதாது. அந்தக் கோப்பை இன்னொருவர் திறந்தால் என்ன தெரியும் என்பதையும் பார்ப்பேன்.

இந்த இடத்தில் போர்ட்ஃபோலியோ பெர்ஃபோமன்ஸ் முந்துகிறது. இலவசம், திறந்த மூலம், கணக்குத் திறக்கத் தேவையில்லை. கோப்பைக் கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்தே சேமிக்கலாம். க்னூகாஷில் அந்த வசதி இல்லை. அது எழுதும் கோப்பை யாரும் திறந்து படிக்கலாம். போதாததற்குப் பழைய பிரதிகளையும் அதே இடத்தில் போட்டு வைக்கும். வேராகிரிப்ட் போன்ற, கோப்புகளைக் கடவுச்சொல்லால் மறைத்து வைக்கும் மென்பொருள் ஒன்றுக்குள் எல்லாவற்றையும் பூட்டினால் சரி, ஆனால் அது இன்னொரு வேலை.

வருமானக் கணக்கிலும் போர்ட்ஃபோலியோ பெர்ஃபோமன்ஸ்தான் மேல். கையில் காசு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்குகிறவருக்கு, வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் கழித்துப் பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. போட்ட திகதிகளையும் கணக்கில் எடுத்து ஆண்டுக்கு எத்தனை வீதம் என்று இது சொல்லும். 8 வீத நிலையான வைப்பில் ஒரு லட்சம் போட்டால் வட்டி 8,000. 2025 ஏப்ரலில் இருந்து வங்கி அதில் 10 வீதத்தை வரியாகப் பிடிக்கிறது, ஆக மிச்சம் 7,200. பங்கிலாபத்தையும் சேர்த்து உங்கள் பங்குகள் இந்த 7.2ஐத் தாண்டினவா? இந்தக் கேள்விக்கு க்னூகாஷ் அறிக்கைகளில் நேரடியாகப் பதில் எடுப்பது சிரமம்.

விலைக்கு வருவோம். இரண்டும் இணையத்திலிருந்து விலை எடுக்கும். அப்போது எந்தெந்தப் பங்கைப் பார்க்கிறீர்கள் என்பது விலை தரும் தளத்துக்குத் தெரியும், எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியாது. கொழும்புப் பங்குச் சந்தைப் பங்குகளுக்கு நான் அதையும் விட்டுவிட்டு, வார இறுதியில் சந்தையின் தளத்தைப் பார்த்துக் கையால் விலை போடுவதையே சொல்வேன். நாளுக்கு நாள் வாங்கி விற்கிறவருக்கு இது சரிவராது. ஆறப்போட்டு வைத்திருப்பவருக்குத் தாராளம். ஜோன் கீல்ஸ் நிறுவனம் தன் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது போன்ற மாற்றங்களைப் பதிய இரண்டிலும் வழி உண்டு.

வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்ட்ஃபோலியோ பெர்ஃபோமன்ஸ் நாணய மாற்று வீதங்களை முக்கியமாக ஐரோப்பிய மத்திய வங்கியிடமிருந்து எடுக்கிறது. அந்தப் பட்டியலில் இந்திய ரூபாய் இருக்கிறது, இலங்கை ரூபா இல்லை. ஆகவே நம் ரூபாவுக்கான வீதம் அங்கிருந்து தானாக வராது.

க்னூகாஷ் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1998இல் இருந்து வளர்ந்து வரும் அது முழு இரட்டைப் பதிவுக் கணக்கு, அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் வரவாகவும் செலவாகவும் இரண்டு இடத்தில் பதிவது. வைப்பு, திறைசேரி உண்டியல், அடகில் இருக்கும் நகை, வீட்டுக் கடன், கடை வரவு செலவு எல்லாம் ஒரே புத்தகத்தில் வேண்டுமென்றால் அதற்குத்தான் போக வேண்டும். உயர்தரத்தில் கணக்கியல் படித்தவருக்கு வரவும் செலவும் பழகின விஷயம். மற்றவர்கள் முதலில் கொஞ்சம் திண்டாடுவார்கள்.

வெல்த்ஃபோலியோ என்ற புதிய முதலீட்டுக் கணக்கு மென்பொருளும் இருக்கிறது. மூன்றிலும் பார்க்க அழகானது அதுதான். எனக்கு அழகு இரண்டாம் பட்சம்.

சிடிஎஸ் கணக்கில் (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) நாலைந்து பங்கும் வங்கியில் இரண்டு வைப்பும் மட்டும் வைத்திருப்பவருக்கு இவை எதுவுமே வேண்டாம். லிப்ரே ஒஃபிஸ் கல்க் என்ற இலவச விரிதாளில் திகதி, தொகை என்று இரண்டு நிரல் போட்டு எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) சூத்திரம் கொடுத்தால் அதே ஆண்டு வீதம் வந்துவிடும். கோப்புக்குக் கடவுச்சொல்லும் போடலாம். மறந்தால் மீட்க வழியில்லை, அப்புறம் எல்லாத் திகதியையும் தரகரின் பற்றுச்சீட்டுகளைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.