எஸ்எஸ்எல் 4000 கன்சோலும் புரோ டூல்ஸும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

புரோ டூல்ஸ் என்ற கணினி மென்பொருளைவிட கன்சோலில், அதாவது ஸ்டுடியோவின் மிக்ஸிங் மேசையில், மிக்ஸ் செய்தால் பாட்டு அகலமாகக் கேட்கிறது என்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, பான் லா (ஒலியை நடுவில் வைக்கும்போது இரு பக்கமும் இறங்கும் அளவு) எவ்வளவு வைத்து ஒப்பிட்டார்கள் என்பதைத்தான். எஸ்எஸ்எல் 4000 வரிசையில் ஒரு சிக்னலை நடுவில் வைத்தால் இரு பக்கமும் ஏறக்குறைய 4.5 டெசிபல் இறங்கும். புரோ டூல்ஸில் இதை செஷன் செட்டப்பில் மாற்றிக்கொள்ளலாம். 3 டெசிபலில் விட்டுவிட்டு ஒப்பிட்டால், நடுவில் இருக்கும் குரல், கிக், பேஸ் மூன்றும் கன்சோலில் 1.5 டெசிபல் தணிந்திருக்கும். ஓரத்துக் கிட்டாரும் ஸ்ட்ரிங்ஸும் எடுப்பாகத் தெரியும். அகலம் என்று கேட்பதில் இதற்கு நல்ல பங்கு உண்டு. பான் லாவைச் சமப்படுத்தி, மொத்த அளவை 0.1 டெசிபலுக்குள் கொண்டுவந்து, எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பஸ்ஸை (எல்லாச் சேனல்களும் வந்து சேரும் பாதையை) நன்றாக ஏற்றிக் கொடுக்கும்போது வரும் ஹார்மானிக்ஸும் (கூடுதல் மேல்சுருதிகளும்), சேனலுக்குச் சேனல் இருக்கும் சிறு வேறுபாடுகளும் மட்டும் மிஞ்சும். அவை உண்மையானவை, அழகானவையும்கூட. ஆனால் அதற்காக மட்டும் 48 சேனல் கன்சோல் வாங்குவது நியாயமில்லை.

கன்சோல் தன் மதிப்பைக் காட்டுவது ரெக்கார்டிங்கில். டிரம்ஸ், பேஸ், பாடகர் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது ஒவ்வொருவருக்கும் தனி ஹெட்ஃபோன் மிக்ஸை நொடியில் கொடுக்கலாம், தாமதமே கிடையாது. கணினியில் 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடத்தை) 128 சாம்பிள் வைத்தால் ஒரு பக்கத்துக்கே 2.7 மில்லிசெகண்ட், உள்ளே வந்து வெளியே போக அதைப் போல் இரண்டு மடங்கு, அதற்கு மேல் ஒலியை டிஜிட்டலாகவும் திரும்ப அனலாகாகவும் மாற்றும் கன்வர்ட்டரின் தாமதம். கீபோர்டு வாசிப்பவர் இதைப் பொருட்படுத்த மாட்டார். பாடகருக்கோ மண்டையோட்டின் வழியே கேட்கும் தன் குரலும் ஹெட்ஃபோனில் தாமதமாக வரும் குரலும் கலந்து கூடுபோல வெறுமையாய் ஒலிக்கும். பாடும்போது பாடகர் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினால் பெரும்பாலும் காரணம் இதுதான். இன்டர்ஃபேஸின் (மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டியின்) டைரக்ட் மானிட்டரிங்கை, அதாவது கணினிக்குள் போகாமல் நேரே கேட்கும் வசதியை, போட்டு, டிராக்கை மியூட் செய்தால் தீர்ந்துவிடும்.

பராமரிப்புதான் பலர் கணக்கில் எடுக்காத செலவு. ஒவ்வொரு சேனல் ஸ்ட்ரிப்பிலும் டஜன் கணக்கில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும்; அதனால் ஏசி என்பது கன்சோலுக்கும் சேர்த்துத்தான். தொனியை மாற்றும் ஈக்யூ குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால் உடனே கான்டாக்ட் கிளீனரை அடிக்காதீர்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் பொட்டின் (குமிழுக்கு அடியிலிருக்கும் மாறும் மின்தடையின்) முனையில் பாருங்கள். டிசி தெரிந்தால் கசிவது அதற்கு முன்னாலிருக்கும், டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கெபாசிட்டர். எவ்வளவு கிளீனர் அடித்தாலும் ஒரு வாரத்தில் சத்தம் திரும்பிவிடும். மாற்றும்போது 105 டிகிரி வெப்பம் தாங்கும் தரத்தில் போடுங்கள். ஒரே சேனலை மட்டும் மாற்றாமல் எட்டு எட்டாக முடித்தால் சேனல்களின் ஒலி ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

ஹம் வந்தால் அதன் சுருதியைக் கவனியுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், 50 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருந்தால் கிரவுண்ட் லூப் (இரண்டு வழியாக எர்த் இணைவதால் உண்டாகும் சுற்று) அல்லது டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் போகும் கேபிள். 100 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர் வற்றிக்கொண்டிருக்கிறது. பிளஸ், மைனஸ் 18 வோல்ட் ரெயில்களின் (மின்சாரம் தரும் இணைப்புகளின்) ரிப்பிளை, அதாவது மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை, ஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டும். சென்னை மாதிரி கடற்காற்று வீசும் ஊரில் பேட்ச் பேயின் (கருவிகளைக் கார்டால் இணைக்கும் பலகையின்) நார்மல் கான்டாக்ட்டுகள், அதாவது கார்டு சொருகாதபோது தானாக இணைந்திருக்கும் முனைகள், சீக்கிரம் கறுக்கும். சத்தம் மெலிந்து, கார்டைச் சொருகி எடுத்ததும் சரியானால் பழுது அங்கேதான், சேனலில் இல்லை.

ரீகாலில், அதாவது பழைய மிக்ஸை அப்படியே மீட்டெடுப்பதில், கன்சோல் தோற்றுவிடும். கன்சோலின் டோட்டல் ரீகால் வசதி, குமிழ்கள் இருந்த இடத்தைத் திரையில் காட்டும், திருப்பித் தராது. ஒவ்வொன்றையும் கையால் திருப்பி, வெளியிலுள்ள கம்ப்ரஸர்களையும் போட்டோ பார்த்துச் சரிசெய்ய இரண்டு மணி நேரமாவது ஆகும். அப்போதும் அச்சு அசலாக வராது. ரிலீஸ் வாரத்தில்கூட ஒரு வரி மாறும் சினிமாப் பாட்டு வேலைக்கு இது கட்டுப்படியாகாது. கேட்பவரைச் சுற்றியும் மேலேயும் ஒலியை வைக்கும் டால்பி அட்மாஸ் 2012இல் வந்தது; அது 128 டிராக் வரை கையாளும். ஸ்டீரியோ பஸ் கொண்ட கன்சோலுக்கு அந்த வேலையில் இடமே இல்லை.

அதற்காகக் கணினி செஷன் என்றைக்கும் திறக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2013இல் புரோ டூல்ஸ் 11 வந்தபோது ஆர்டாஸ், டிடிஎம் என்ற பழைய வடிவ ப்ளக்-இன்கள் (மென்பொருள் எஃபெக்ட்கள்) போயின. 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் செயலிகளையே நிறுத்தியது. வேலை முடிந்ததும் எல்லா டிராக்குகளையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் 24-பிட் வேவ் ஃபைல்களாக, எஃபெக்டோடு ஒரு முறை, எஃபெக்ட் இல்லாமல் ஒரு முறை பிரின்ட் செய்து வையுங்கள். டெம்போவையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்ச அளவுக்கு 18 டெசிபல் கீழ்) சைன் டோனை அனுப்பி, ஒவ்வொரு கன்வர்ட்டர் சேனலிலும் பிளஸ் 4 டிபியு, அதாவது 1.23 வோல்ட் வருமாறு ட்ரிம் செய்யுங்கள். அடுத்து ஒரு சாம்பிள் நீளக் கிளிக்கை வெளியே அனுப்பி, ஹார்டுவேர் வழியாகத் திரும்பப் பதிவுசெய்து, எத்தனை சாம்பிள் தள்ளி வந்திருக்கிறது என்று எண்ணி, அதை மில்லிசெகண்டாக மாற்றி, புரோ டூல்ஸில் ஹார்டுவேரின் தாமதத்தை ஈடுசெய்யும் இன்சர்ட் டிலேயில் போடுங்கள். பேரலல் கம்ப்ரஷனில் (கம்ப்ரஸ் செய்த ஒலியையும் செய்யாத ஒலியையும் கலப்பதில்) 1 மில்லிசெகண்ட் விட்டுப்போனாலே 500 ஹெர்ட்ஸிலும் 1500 ஹெர்ட்ஸிலும் குழி விழும். ஸ்னேரின் உடம்பே காணாமல் போகும். சாம்பிள் ரேட்டை மாற்றினால் இந்த எண் மாறிவிடும், மறுபடி அளக்க வேண்டும்.