ஆள் எடுக்க எந்த வழி: சொந்த ரெக்ரூட்டரா, கன்சல்டன்சியா, ரெஃபரலா?

ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனி எச்ஆரில் ஆள் எடுப்பதுதான் என் வேலை. ஒரு இடம் காலியானால் மூன்று வழி இருக்கிறது: கம்பெனியிலேயே சம்பளத்துக்கு இருக்கும் ரெக்ரூட்டர் தேடுவது, ஆள் பிடித்துக் கொடுக்கும் வெளி ஏஜென்சியான கன்சல்டன்சியிடம் கொடுப்பது, உள்ளே வேலை செய்பவர்கள் தெரிந்தவரைச் சொல்லும் ரெஃபரல். மூன்றிலும் கை சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரெஃபரலைச் சட்டென்று சொல்லிவிடலாம். செலவு குறைவு, வருகிறவரும் உள்ளே நிலவரம் எப்படி என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். ஆனால் டீம் முழுக்க ஒரே பழைய கம்பெனி ஆட்களாகிவிட்டால், ஒருத்தர் பேப்பர் போட்ட (ராஜினாமா செய்த) கையோடு இன்னும் இரண்டு பேர் போடுவார்கள்.

சொந்த ரெக்ரூட்டருக்குத் தனிக் கூலி இல்லை, நௌக்ரி வேலைத் தளத்தின் ரெஸ்யூம் டேட்டாபேஸும் கையில் இருக்கிறது. ஆனாலும் எங்களிடம் ஒரு ஜாவா இடம் இரண்டு மாதம் இழுத்தது. மேனேஜர் போன வருட ஜேடியையே, அதாவது என்ன வேலை, எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்ற விவரக் குறிப்பையே, அனுப்பியிருந்தார். அதை வைத்து எங்கள் ரெக்ரூட்டர் பெண் 14 ரெஸ்யூம் அனுப்பினாள், 14-உம் திரும்பி வந்தன. "எதனால வேணாம்னு சொன்னீங்கன்னா தேட வசதியா இருக்கும் சார்" என்றாள். "பாத்தாலே தெரியுதேம்மா" என்றார். கடைசியில் அவர் கேபினிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்து நாலு ரெஸ்யூமை வரி வரியாகப் படிக்கச் சொன்னோம். மூன்றாவதில் வாயைத் திறந்தார்: அவருக்கு வேண்டியது ராத்திரி ஒன்பது மணிக்கு அமெரிக்க கிளையன்ட்டோடு தனியாகப் பேசக்கூடிய ஆள். ஜேடியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கன்சல்டன்சிக்கு வழக்கமான ரேட் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம். நூறைப் பன்னிரண்டால் வகுத்த கணக்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். 12 லட்சம் சம்பளக்காரருக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இவ்வளவு கொடுத்தும், அவர்கள் மேனேஜரோடு பேசக்கூடாது என்று நாங்களே குறுக்கே நிற்போம். மேனேஜர் சம்பளத்தை உளறிவிடுவாரோ என்ற பயம். கூடவே ஒரே இடத்தை நாலு கன்சல்டன்சிக்குக் கொடுப்போம். யார் முதலில் அனுப்பினாரோ அவருக்குத்தான் காசு என்பதால், படித்துப் பார்க்காமலே ரெஸ்யூம்களைத் தள்ளிவிடுவார்கள். பிறகு அவர்கள் தரம் சரியில்லை என்று நாங்களே திட்டுவோம்.

என்னைக் கேட்டால், சாதாரண இடங்களுக்குச் சொந்த ரெக்ரூட்டரே போதும், மேனேஜர் முதல் நாளே அரை மணி நேரம் உட்கார்ந்தால். அரிதான வேலைக்கு ஒரே ஒரு கன்சல்டன்சி. எச்ஆரும் போனில் கூட இருக்க, அவர்கள் மேனேஜரோடு நேரடியாகப் பேச ஒரு கால்.

கன்சல்டன்சிக்காரர்களிடம் நான் பொறாமைப்படும் விஷயம் ஒன்று உண்டு. ஆள் சேர்ந்தால்தான் பில் போட முடியும் என்பதால், 90 நாள் நோட்டீஸ் பீரியட் முழுக்க வாரா வாரம் போன் அடிப்பார்கள். நாங்களோ ஆஃபர் லெட்டரை அனுப்பிவிட்டு மறந்துவிடுவோம். போன ஜூலையில் ஒருத்தர் ஜாயினிங் தேதியன்று வரவில்லை. எங்கள் ஆட்களுக்குக் காரணம் தெரியாது. கன்சல்டன்சிப் பையனுக்குத் தெரிந்திருந்தது: "அவங்கம்மா ஆடியில சேர வேணாங்கறாங்க மேடம், ரெண்டு வாரமா சொல்லிட்டிருக்காரு." மேனேஜரிடம் கெஞ்சித் தேதியைத் தள்ளி வைத்தோம். ஆவணி பிறந்து வந்த முதல் திங்கட்கிழமை, ராகு காலம் கழிந்து 9.10-க்கு, செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்.