வீட்டு நெட்வொர்க்கில் ஒரே ஒரு கருவிக்கு இணையத்தை நிறுத்த எந்த வழி நல்லது?

ஒரு கருவிக்கு மட்டும் இணையத்தை நிறுத்த ரௌட்டரில் நாலைந்து வழிகள் உண்டு. எதில் கைவைப்பது என்பது ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: அந்தக் கருவி வீட்டுக்குள் இருக்கும் மற்றவற்றோடு பேச வேண்டுமா, வேண்டாமா? பிரிண்டரும் கேமராவும் பேசியாக வேண்டும். பிள்ளையின் டேப்லெட்டுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை.

மேக் ஃபில்டர்

பலரும் முதலில் போவது இதற்குத்தான். ஆனால் இந்த வேலைக்கு மிகவும் பொருந்தாததும் இதுதான். பெரும்பாலான ரௌட்டர்களில் இது கருவியை வைஃபையிலேயே சேர விடாது. பிரிண்டரின் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கான அடையாள எண்) தடுத்தால் இணையத்தோடு சேர்ந்து அச்சடிப்பதும் நின்றுவிடும்.

ஃபோன்களில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) காலத்திலிருந்து ஃபோன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி முகவரியைக் காட்டுகின்றன. அமைப்பில் அந்த ஒரு தேர்வை மாற்றினால் போதும், நீங்கள் தடுத்த முகவரி காணாமல் போய்விடும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்பவற்றில் ஒன்றாக இருந்தால் அது அப்படி உருவாக்கிய முகவரி என்று கொள்ளலாம். லேப்டாப்பில் வைஃபைக்கு ஒரு முகவரி, கேபிளுக்கு வேறு முகவரி. தடுப்பதானால் இரண்டையும் தடுக்க வேண்டும்.

‘இவற்றை மட்டும் அனுமதி’ என்ற எதிர்ப்பட்டியல் போலி முகவரியால் உடையாது. ஆனால் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தினரின் ஃபோனையும் பட்டியலில் ஏற்ற வேண்டியிருக்கும்.

பேரன்டல் கன்ட்ரோல்

நேரம் பார்த்து நிறுத்த இதுதான் சுலபம். முதலில் ரௌட்டரின் கடிகாரமும் நேர மண்டலமும் சரியா என்று பாருங்கள். அது தவறினால் தடை தவறான வேளையில் விழும். சில ரௌட்டர்கள் நள்ளிரவைத் தாண்டும் நேரத்தை ஒரே விதியாக ஏற்காது. அங்கே 22:00–23:59, 00:00–06:00 என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். இதுவும் பெரும்பாலும் மேக் முகவரியை நம்பியே இயங்குவதால், அந்த ஃபோனில் போலி முகவரியை அணைத்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். மொபைல் டேட்டாவை ரௌட்டர் எதுவும் செய்ய முடியாது.

டிஎன்எஸ் தடுப்பு

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக (நெட்வொர்க்கில் அதை அடையும் எண்) மாற்றித் தரும் சேவை. அதில் தடுப்பது சில தளங்களை வடிகட்டத்தான் உதவும். இணையத்தையே நிறுத்த இதை நம்பக் கூடாது. கருவி ஐபி முகவரியை நேரடியாக அழைத்தாலோ, பிரவுசர் மறைகுறியாக்கிய டிஎன்எஸ்ஸை 443 போர்ட் (வலைத்தளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வாயில் எண்) வழியாகக் கேட்டாலோ உங்கள் வடிகட்டிக்குத் தெரியவே தெரியாது.

கெஸ்ட் நெட்வொர்க்கையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வழக்கமாக இணையத்தைக் கொடுத்து, வீட்டுக் கருவிகளை மறைக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

ஃபயர்வால் விதி

எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் இந்த வசதி ரௌட்டரில் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். வீட்டுக்குள் பேச்சு தொடரும், வெளியே போவது மட்டும் நிற்கும். ஓபன்டபிள்யூஆர்டியில் (ரௌட்டருக்கான இலவச மென்பொருள்) நெட்வொர்க், ஃபயர்வால், டிராஃபிக் ரூல்ஸ் என்று போய்ப் புதிய விதி சேர்க்க வேண்டும். மூலம் லேன் (வீட்டு நெட்வொர்க்), இலக்கு வேன் (WAN, வெளி இணையம்), செயல் ரிஜெக்ட் (மறுப்பு), மூல மேக் முகவரி அந்தக் கருவியுடையது.

தவறுகள் நடக்கும் இடங்கள் இவை:

புரோட்டோகாலை (டேட்டா அனுப்பும் முறை) ‘எனி’ என்று மாற்றுங்கள். முதலில் இருப்பது டிசிபி, யூடிபி மட்டும். அப்படியே விட்டால் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) வெளியே போகும், விதி வேலை செய்யவில்லை என்று தோன்றும்.

192.168.1.50 போன்ற ஐபியை வைத்து விதி எழுதினால் அது பழைய ஐபி வகையான ஐபிவி4-ஐ மட்டுமே தடுக்கும். கருவி புதிய வகையான ஐபிவி6 வழியாக இணையத்தில் தாராளமாக உலவும். ‘தடுத்தும் ஓடுகிறது’ என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மேக் முகவரியை வைத்து எழுதி, இரண்டு ஐபி வகைக்கும் பொருந்துமாறு விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளைப் புது விதி அறுக்காது. கருவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ரிஜெக்ட் என்றால் கருவிக்கு உடனே மறுப்பு போகும். டிராப் (பதில் சொல்லாமல் கைவிடுவது) என்றால் கருவி பதிலுக்குக் காத்துக் கிடக்கும், சில டிவிகளில் மெனுவே மந்தமாகிவிடும்.

கேமராவுக்கு இணையம் நின்றுபோனால் அதன் கடிகாரம் மெல்ல மெல்லத் தவறும், பதிவுகளின் நேரமும் பிசகும். நேரத்தைச் சரிசெய்யப் பயன்படும் யூடிபி 123 போர்ட்டை அனுமதிக்கும் விதி ஒன்றைத் தடைக்கு மேலே வையுங்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுவதால் வரிசை முக்கியம். யூபிஎன்பி (கருவிகள் தாமாகவே ரௌட்டரில் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) வழியாக அந்தக் கேமரா ஒரு போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதையும் மூடுங்கள்.

கேட்வே இல்லாத ஐபி

ரௌட்டரில் ஃபயர்வால் பக்கமே இல்லையா? கருவியிலேயே நிலையான ஐபி கொடுத்து, சப்நெட் 255.255.255.0 போட்டு, கேட்வேயை (வெளியே போகும் வழியான ரௌட்டரின் முகவரி) காலியாக விடுங்கள். காலியாக ஏற்காவிட்டால் அதே வரிசையில் யாரும் பயன்படுத்தாத முகவரி ஒன்றைக் கொடுக்கலாம். கருவியில் ஐபிவி6-ஐயும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரௌட்டரின் அறிவிப்பைக் கேட்டு அது தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பிரிண்டருக்கு இது அருமையான வழி. அமைப்பை மாற்றத் தெரிந்த ஆள் கையில் இருக்கும் கருவிக்கு உதவாது.

எந்த வழியானாலும் பிரவுசரில் ஒரு தளம் திறக்கவில்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்தக் கருவியிலிருந்தே இணையத்தில் உள்ள பொது முகவரியான 1.1.1.1-க்கும், ஐபிவி6-இல் 2606:4700:4700::1111-க்கும் பிங் அனுப்புங்கள். முன்னது நின்று பின்னது பதில் தந்தால், உங்கள் தடை பாதிதான் போடப்பட்டிருக்கிறது.