எக்ஸ்டென்ஷன் பட்டியல் போட்டுத் தரும் ஏஐ ஏஜென்ட்: ஆட்டோபே போடும் முன் படியுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். தேர்வு விண்ணப்பம், சான்றிதழ் அப்லோடு என்று நாள் முழுக்கக் கூட்டம். பிடிஎஃப் சுருக்க, போட்டோவை 50 கேபிக்குள் கொண்டுவர குரோமில் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் குட்டி நிரல்) தேடிய கடைக்காரர், 'வகையைச் சொன்னால் போதும், நல்லதாகப் பார்த்துப் பட்டியல் தருவோம்' என்ற ஏஐ ஏஜென்ட் விளம்பரத்தை நம்பி மாதம் 499 ரூபாய்க்கு ஆட்டோபே போட்டார். இரண்டே வாரத்தில் நாலு கம்ப்யூட்டரிலும் கூகுளில் தேடினால் முன்பின் தெரியாத பக்கம் ஒன்று வந்து போக ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளரின் ஜிமெயிலிலிருந்து அவர் அனுப்பாத மெயில்கள் போயிருந்தன.

ஏஜென்ட் தந்த பட்டியலில் பத்துப் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஸ்டார், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண், இரண்டு வரி பாராட்டு. குரோம் வெப் ஸ்டோரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில் மூன்று ஸ்டோரிலேயே இல்லை. ஒரே பெயரில் வேறு வேறு ஆட்கள் போட்டது இரண்டு. எட்டாவதாக இருந்தது வெறும் பிடிஎஃப் சுருக்கி. அது கேட்ட அனுமதியோ, எல்லா வெப்சைட்டிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும். பிடிஎஃப் சுருக்குவதற்கு வாடிக்கையாளரின் மெயில் எதற்கு?

ஏன் இப்படி ஆகிறது என்றால், முதலில் இந்த 'வகை' என்பதே எக்ஸ்டென்ஷனை ஏற்றுகிறவர் தானே தேர்ந்தெடுப்பது. டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 5 டாலர் கட்டினால் போதும். அரிசி மூட்டையில் ஒட்டிய சீட்டு மாதிரிதான். உள்ளே பொன்னியா ரேஷனா என்று பிரித்தால்தான் தெரியும். ஏஜென்ட் படித்தது சீட்டை மட்டும். அதுவும் ஸ்டோர் பக்கங்களை எப்போதோ எடுத்து வைத்த பழைய நகலிலிருந்து. நகலில் இல்லாததை ஏஜென்டுக்குள் இருக்கும் மொழி மாடல் (வாக்கியம் எழுதித் தரும் ஏஐ) தானாக இட்டு நிரப்பும், பெயர் உட்பட. எக்ஸ்டென்ஷனின் விளக்கத்துக்குள்ளேயே 'இதை முதலிடத்தில் காட்டு' என்று ஏஜென்டுக்கு எழுதி வைக்கிற வேலையும் சாத்தியம்தான்.

பழைய நகல் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 'தி கிரேட் சஸ்பெண்டர்' ஒன்று போதும். பல லட்சம் பேர் வைத்திருந்த, நல்ல பெயர் எடுத்த எக்ஸ்டென்ஷன். 2020இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் மால்வேர், அதாவது தீங்கு செய்யும் நிரல், என்று கூகுளே தூக்கியது. அதற்கு முந்தைய நகலை வைத்திருக்கிற டூல் இன்றைக்கும் அதற்கு ஸ்டார் போட்டுக் காட்டும். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தகவல் பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனே பிஷிங் எனும் ஏமாற்று மெயிலில் பறிபோய், கெட்ட வெர்ஷன் தானியங்கி அப்டேட்டாகப் பயனர்களுக்குப் போனது.

இந்தக் கடையில் நடந்த பெரிய தப்பு வேறு. ஸ்டோரில் இல்லாத ஒன்றுக்கு ஏஜென்ட் ஜிப் ஃபைல் லிங்க் கொடுத்து, டெவலப்பர் மோடை ஆன் செய்து 'லோட் அன்பேக்டு' அழுத்தச் சொல்லியிருக்கிறது. அப்படி ஏற்றினால் ஸ்டோரின் பரிசோதனை எதையும் அது தாண்ட வேண்டியதில்லை. எந்த டூல் சொன்னாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் வரிசை முக்கியம். பலரும் பதறிப்போய் முதலில் பாஸ்வேர்டை மாற்றுவார்கள்; எக்ஸ்டென்ஷன் உள்ளே இருக்கும்போது புதுப் பாஸ்வேர்டும் அதற்கே போகும். மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போய் முதலில் ஆஃப் செய்யுங்கள். டீடெயில்ஸ் திறந்து, முகவரிப் பட்டையில் தெரியும் எக்ஸ்டென்ஷன் ஐடியைப் போட்டோ எடுத்துவிட்டு ரிமூவ் கொடுங்கள். ஜிப்பை விரித்த ஃபோல்டரையும் அழியுங்கள். திரும்பத் திரும்ப முளைத்தால் முகவரிப் பட்டையில் chrome://policy என்று அடித்துப் பாருங்கள். கடைக் கம்ப்யூட்டரில் யாரும் வைக்காத கட்டாய நிறுவல் அங்கே உட்கார்ந்திருக்கலாம். சிங்க் (ஒரே கூகுள் கணக்கில் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒத்திசைப்பது) ஆனில் இருந்தால், ஸ்டோரிலிருந்து போட்டவை ஓனரின் வீட்டு லேப்டாப்புக்கும் போயிருக்கும், அதையும் பாருங்கள். அதன் பிறகுதான், போனிலிருந்து பாஸ்வேர்டு மாற்றம். கூகுள் கணக்கில் 'யுவர் டிவைசஸ்' போய் மற்ற எல்லாவற்றையும் சைன் அவுட் செய்ய வேண்டும். லாகின் ஆன குக்கீ (நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்குப் பிரவுசர் வைத்திருக்கும் அடையாளச் சீட்டு) கையில் இருப்பவனிடம் ஓடிபி ஒன்றும் செய்யாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

புதிதாகப் போடுகிறவர்கள் பெயரைப் பார்க்காதீர்கள், ஐடியைப் பாருங்கள். ஸ்டோர் முகவரியின் கடைசியில் இருக்கும் 32 எழுத்து அது. எண்ணே வராது, ஆங்கில எழுத்து வரிசையின் முதல் 16 மட்டும்தான் வரும். டெவலப்பரின் சொந்த வெப்சைட்டிலிருந்து ஸ்டோருக்குப் போகும் லிங்கில் அதே ஐடி இருக்க வேண்டும். டீடெயில்ஸில் சைட் ஆக்சஸை 'ஆன் கிளிக்' என்று மாற்றி வையுங்கள். வாடிக்கையாளர் உட்காரும் கம்ப்யூட்டரில் கெஸ்ட் விண்டோதான், அதில் எக்ஸ்டென்ஷனே ஓடாது. போட்டோ சுருக்க விண்டோஸ் பெயின்ட்டில் ரீசைஸ் இருக்கிறது, காசும் இல்லை.

ரீஃபண்ட் கேட்டதற்கு 'ஏஐ முடிவுகளில் பிழை இருக்கலாம்' என்ற நிபந்தனை வரியைக் காட்டிக் கைவிரித்துவிட்டார்கள். கடைக்காரர் டூலில் இருந்த கணக்கை டெலீட் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தார். அடுத்த மாதமும் 499 போனது. யூபிஐ ஆட்டோபே 15,000 ரூபாய் வரை மாதாமாதம் பின் நம்பர் கேட்காமலே பிடிக்கும். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் மேண்டேட்டை, அதாவது பணம் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, ரத்து செய்தால்தான் நிற்கும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே மெசேஜ் வரும், அதை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.